லேத்துக்கு மேலே எலக்ட்ரானிக் பேலஸ்ட்: போட்டுப் பார்த்த பிறகு

பட்டறையில் லேத்துகளுக்கு மேலே தொங்கும் டியூப்லைட் பட்டிகளில் பழைய காப்பர் சோக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் பேலஸ்ட் போட்டாகிவிட்டது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், டியூப்புக்குப் போகும் கரண்டை அடக்குவது. இரண்டு 36 வாட் டியூப்பை ஒரே பெட்டி ஓட்டும் வகை. தகர உடம்பு, முன்சூடு கொடுத்துப் பற்றவைக்கும் ரகம். வெயில் காலம், மழைக்காலம் இரண்டும் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம்.

பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே பெட்டி இரண்டு மூன்று பெயர்களில் விற்கிறது. இன்று நல்லதாக வருகிற பெயரில் நாளை வேறு சரக்கு வருகிறது. பெட்டியின் முதுகில் எதைப் படிக்க வேண்டும், போட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் எந்தப் பெயரில் வாங்கினாலும் உதவும்.

முதலில், மாற்றியதற்கான காரணம். மின்சாரச் செலவுக்காக இல்லை. அதுவும் குறைந்தது, பின்னால் சொல்கிறேன். காரணம் லேத்தின் சக், அதாவது கடைய வேண்டிய துண்டைத் தாடைகளால் பிடித்துக்கொண்டு சுழலும் பாகம். காப்பர் சோக்கில் ஓடும் டியூப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. சுழலும் பொருளைப் பார்க்கும்போது மட்டும் காட்டிக்கொடுக்கும். மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2000 சுற்று போனால் நொடிக்குச் சரியாக 100 தாடை ஒரே இடத்தைக் கடக்கும். வெளிச்சமும் 100, தாடையும் 100. மூன்று தாடையும் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்பது போல ஒரு நிழல் தெரியும். 1000 சுற்றில் வைத்தால் இன்னும் வேடிக்கை: மூன்று தாடை ஆறாகத் தெரிந்து, ஆறும் நிற்கும். நாலு தாடை சக்குக்கு அந்த வேகம் 1500. டியூப்பின் உள்பூச்சு ஒளியைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்வதால் முழுசாக நின்றதுபோலத் தெரியாதுதான். ஆனால் வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் அளவு பார்க்கக் காலிப்பரை நீட்டும் அந்த அரை நொடியில் மங்கலாக நிற்கும் தாடை போதும். எங்கள் பையன் கையை நீட்டியதும், பக்கத்து லேத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே பட்டிகளைக் கணக்கெடுத்துவிட்டேன்.

இதற்குப் பழைய காலத்து வைத்தியம் ஒன்று உண்டு. இரட்டை டியூப் பட்டியில் ஒரு சோக்கோடு வரிசையில் ஒரு கெபாசிட்டர் போடுவார்கள். ஒரு டியூப்பின் கரண்ட் முந்தும், இன்னொன்றின் கரண்ட் பிந்தும். ஒன்று மங்கும்போது மற்றது பிரகாசிக்கும். பெரிய ஆலைகளில் அடுத்தடுத்த பட்டிகளை வெவ்வேறு பேஸில் மாட்டுவதும் அதே கணக்குதான். இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஒரு டியூப் போய்விட்டால் வைத்தியமும் போய்விடும், யாருக்கும் தெரியாமல். பட்டறையில் ஒரு டியூப் போய், மாற்றாமல் ஒரு வாரம் ஓடுவது புதுசா என்ன?

சரி, பேலஸ்ட் எதற்கு என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் எடையையும் வாட்டையும் பார்த்து வாங்கத் தோன்றும். டியூப்பின் உள்ளே கொஞ்சம் பாதரச ஆவியும் மந்த வாயுவும்தான். ஒருமுறை கரண்ட் பாய ஆரம்பித்துவிட்டால் அந்த வாயு நல்ல பிள்ளையாக இருக்காது. கரண்ட் ஏற ஏற அதன் தடை இறங்கும். தடை இறங்க இறங்க கரண்ட் இன்னும் ஏறும். நேரடியாக மெயினில் மாட்டினால் டியூப்போ ஃபியூஸோ, எது முந்துகிறதோ அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நடுவில் ஒருவன் நின்று “இவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது” என்று சொல்ல வேண்டும். அவன்தான் பேலஸ்ட். 36 வாட் டியூப்புக்கு அவன் விடுகிற அளவு சுமார் 0.43 ஆம்பியர். டியூப்பின் இரு முனைக்கும் நடுவில் ஏறக்குறைய 100 வோல்ட்தான் இருக்கும். 230 வோல்ட்டில் மீதியைத் தாங்கிக்கொண்டு நிற்பது சோக்.

தடைக் கம்பி ஒன்றை வைத்தும் இதைச் செய்யலாம். மீதி வோல்ட் முழுக்கச் சூடாகப் போகும். சோக் இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய செம்புக் கம்பி. மாறுமின்சாரத்துக்குத் தடையாக நிற்கும், ஆனால் அவ்வளவு சூடாக்காது. தடைக் கம்பி ரகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பிளாட்டினம் பாயின்ட் வைத்த பழைய காரின் பானெட்டைத் திறந்தால் போதும். இக்னிஷன் காயிலுக்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதையும் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஓடும்போது காயிலுக்குப் போகும் கரண்டை அடக்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் இறங்கிவிடும் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு நேர் வழியில் கரண்ட் போகும். அழகான ஏற்பாடு.

காப்பர் சோக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? இரும்பும் செம்பும் வார்னிஷும். எங்கள் பட்டிகளில் இருந்தவை நான் இந்த இடத்துக்கு வருவதற்கு முந்தியவை; கழற்றும்போதும் உயிரோடுதான் இருந்தன. தொந்தரவெல்லாம் ஸ்டார்ட்டரில். அந்தக் குட்டி டப்பாவுக்குள் கண்ணாடிக் குமிழில் ஒரு வளைகிற தகடு. சூடானால் ஒட்டி டியூப்பின் இரு முனை இழைகளையும் சூடாக்கும், ஆறினால் பிரியும், பிரிகிற நொடியில் சோக் உதைக்கிற உதையில் டியூப் பற்றும். உதை தப்பான தருணத்தில் விழுந்தால் மறுபடி, மறுபடி. காலையில் பட்டறை திறந்ததும் பட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணடிப்பதை வேலைக்காரர்கள் ரசித்தார்கள். நான் ரசிக்கவில்லை. அப்புறம் அந்த ‘ம்ம்ம்’ சத்தம். லேத் ஓடும்போது கேட்காது. கணக்கெழுத உட்காரும்போது கேட்கும்.

இப்போது புதுசு. கையில் எடுத்ததும் முதலில் சந்தேகம்தான் வரும், ஏனென்றால் எடை இல்லை. ஒரு டியூப்புக்கான காப்பர் சோக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும்; இது இரண்டு டியூப்புக்கு, சுமார் கால் கிலோ. காரணம் உள்ளே இருக்கிறது. வருகிற 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, இரண்டு டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றித் தட்டி, நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் ஆட்டி டியூப்புக்கு அனுப்புகிறது. அவ்வளவு வேகத்தில் ஆடும் கரண்டை அடக்க ஒரு நெல்லிக்காய் அளவு ஃபெரைட் சோக் போதும். அந்த வேகத்தில் டியூப்பின் வாயுவுக்கு அணைந்து மறுபடி பற்ற நேரமே கிடைக்காது. அதனால்தான் சக் தாடைகள் ‘நிற்பது’ நின்றுபோகிறது. இன்னொரு லாபம், அதே டியூப் 36 வாட்டுக்குப் பதில் 32 வாட்டிலேயே பழைய வெளிச்சம் தருகிறது. இரண்டு டியூப்பும் இரண்டு காப்பர் சோக்கும் சேர்ந்து 90 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தன. இப்போது மொத்தம் 72 பக்கம் வருகிறது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் கெபாசிட்டர் இல்லாத காப்பர் சோக்கின் பவர் ஃபாக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு வேலைக்கு ஆகிறது என்ற கணக்கு) 0.5 அளவில்தான் இருக்கும். நல்ல எலக்ட்ரானிக் பெட்டியில் 0.95-க்கு மேல்.

‘நல்ல’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் சரக்கு அறையில் மட்டமான எலக்ட்ரானிக் சோக்குகள் இருந்தன. இடத்தை எங்களுக்கு முன் வைத்திருந்தவர் போட்டது. பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு போர்டு. உள்ளே நுழையும் இடத்தில் ஃபியூஸே இல்லை. ஃபியூஸ் என்று அச்சடித்த இடத்தில் ஒரு கம்பித் துண்டு பற்றவைத்திருந்தது. வோல்ட் எகிறினால் தாங்கிக்கொள்ளும் வாரிஸ்டருக்கு இரண்டு துளை இருந்தது, வாரிஸ்டர் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தலை உப்பி, மேலே இருக்கும் சிலுவைக் கீறல் பிளந்து, பழுப்பு நிறத்தில் காய்ந்த கறை. அதைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது சூடாகும் டிரான்சிஸ்டர். இந்தக் கெபாசிட்டருக்கு வெப்பம்தான் எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. சூட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைத்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? சாலிடர் மட்டும் நேர்த்தியாக இருந்தது, பாவம்.

அந்த மட்டமான பெட்டிகள் தாங்கள் சாவதோடு நிற்கவில்லை, டியூப்பையும் கூட்டிக்கொண்டு போயின. ஸ்விட்சைப் போட்டதும் பளிச்சென்று எரியும். வாங்குகிறவருக்கு அதுதான் பிடிக்கும். முனை இழை சூடாவதற்கு முன்பே பெரிய வோல்ட்டை அடித்து வாயுவைப் பற்றவைப்பதால் வரும் பளிச். ஒவ்வொரு தடவையும் இழையின் மேல் இருக்கும் பூச்சு கொஞ்சம் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டும். டியூப்பின் இரண்டு ஓரமும் கறுப்பது அதுதான். காலையில் போட்டு இரவு அணைக்கும் இடமென்றால் பரவாயில்லை. சரக்கு அறையில் ஆள் போகும்போதெல்லாம் போட்டு அணைப்பார்கள், டியூப் தாங்கவில்லை.

இப்போது வாங்கியது அப்படிப் பளிச்சிடாது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு நொடி எதுவும் நடக்காது. முனைகளில் மட்டும் லேசான ஆரஞ்சு மினுக்கம். பிறகு ஒரே சீராக எரியும், கண்ணடிப்பு கிடையாது. முதல் நாள் அந்த ஒரு நொடியைப் பார்த்து “அண்ணே, இது சரியாகப் போடலையா?” என்று கேட்டார்கள். அந்த ஒரு நொடிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். வாங்கும்போது பெட்டியில் ‘வார்ம் ஸ்டார்ட்’ அல்லது ‘ப்ரோகிராம்டு ஸ்டார்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘இன்ஸ்டன்ட் ஸ்டார்ட்’ என்று பெருமையாக எழுதியிருந்தால், அடிக்கடி போட்டு அணைக்கும் இடத்துக்கு அது வேண்டாம்.

முதுகில் இன்னொன்றும் படிக்க வேண்டும்: சின்னப் புள்ளி போட்டுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘tc’ என்று ஓர் எண், பெரும்பாலும் 70 அல்லது 75 டிகிரி. பட்டி எரிந்துகொண்டிருக்கும்போது அந்தப் புள்ளியின் சூடு அதைத் தாண்டக் கூடாது. எங்கள் கூரை தகரம். நண்பகலில் பட்டிக்குள் என்ன நிலைமை என்று தெரியவேண்டுமே என்று மல்ட்டிமீட்டரின் வெப்ப முனையை அந்தப் புள்ளியில் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். எல்லைக்குள்ளேதான் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. அதன் பிறகு கூரையோடு ஒட்டியிருந்த பட்டிகளைச் சங்கிலியில் கொஞ்சம் கீழே இறக்கினோம். பட்டிக்கு மேல் காற்று போக வழி கிடைத்ததும் சூடு நன்றாகவே குறைந்தது. எழுத்தில் ‘ஐ.இ.சி. 61347-2-3’ என்ற பாதுகாப்புத் தர எண் இருந்தால் நல்லது. அதன் கீழ் வருகிற நல்ல பெட்டிகள் டியூப் ஆயுள் முடிந்து ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விட ஆரம்பித்தால் தாங்களே அணைந்துவிடும். மெலிந்த டி5 டியூப்பில் இது மிக முக்கியம், முனை சூடேறிக் கண்ணாடியே விரிசல் விடும். எங்களுடையவை தடித்த டி8. ஆனாலும் ஒரு பழைய டியூப் போனபோது பட்டி இரண்டு தடவை முயன்றுவிட்டு அமைதியாக நின்றுகொண்டது. காப்பர் சோக்காக இருந்தால் ஸ்டார்ட்டர் இரவெல்லாம் கண்ணடித்துக்கொண்டிருக்கும்.

பெட்டிகள் மேசையில் பிரித்துக் கிடந்தபோது கப்பலில் இன்ஜினியராக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பம்ப் ஷாஃப்ட்டுக்கு ஸ்லீவ் கடைய வேண்டும், அதுவும் பேலஸ்ட் பம்ப் ஷாஃப்ட். பெட்டியில் ‘பேலஸ்ட்’ என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார்: “உங்க பேலஸ்ட்டைச் சட்டைப் பையில வச்சுக்கலாம் போல. எங்களுது இருபதாயிரம் டன், சார்.” சரக்கை இறக்கிவிட்ட கப்பல் தண்ணீரில் மேலே எழுந்துவிடும், பக்கவாட்டில் ஆடும், புரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும். அதனால் அடித் தொட்டிகளில் கடல் நீரை ஏற்றி அமுக்குவார்கள்; அந்தப் பாரத்துக்கும் பேலஸ்ட் என்றுதான் பெயர். பாய்மரக் காலத்தில் கல்லும் சரளையும். 1628-ல் ஸ்டாக்ஹோமில் ‘வாசா’ என்ற ஸ்வீடன் போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் சாய்ந்து மூழ்கிய கதையை அவர் சொன்னார். மேலே பீரங்கி ஜாஸ்தி, கீழே கல் போதவில்லை. சரி, கூடக் கொஞ்சம் கல் போட்டிருக்கலாமே என்றால், போட்டால் கப்பல் அமிழ்ந்து கீழ்வரிசைப் பீரங்கி ஓட்டைகள் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில் வந்திருக்கும். உடம்பே தப்பாகச் செய்த பிறகு பாரத்தை வைத்துச் சரிக்கட்ட முடியாது என்றார் அவர். அதைக் கேட்டதும் எனக்கு அந்த மட்டமான பிளாஸ்டிக் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதில் எனக்கு அதிகம் பிடித்தது வேறு. ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீரை வேறு கண்டத்தில் இறக்கும்போது அதில் இருக்கும் புழுவும் சிப்பியும் சேர்ந்தே இறங்குகின்றன. வடஅமெரிக்கப் பேரேரிகளுக்கு 1980-களில் வரிக்குதிரைச் சிப்பி போய்ச் சேர்ந்தது இப்படித்தான். நீரேற்றுக் குழாய்களையே அடைத்துவிட்டது. பேலஸ்ட் நீருக்காகவே 2004-ல் உலக உடன்படிக்கை ஒன்று போட்டு, 2017 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. இப்போது நீரை வடிகட்டி, உயிர்களைக் கொன்றுதான் வெளியே விடலாம். அதற்குப் பல கப்பல்களில் புற ஊதா விளக்கு. அந்த விளக்கும் பாதரச ஆவி விளக்குதான், கரண்டை அவிழ்த்துவிட்டால் அடங்காத அதே ஜாதி. ஆகையால் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் அலமாரிக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பது எது? எலக்ட்ரானிக் பேலஸ்ட். பேலஸ்ட் நீரைச் சுத்தம் செய்யப் பேலஸ்ட்! அவர் கப்பலில் அடிக்கடி தொந்தரவு தருவதும் அந்த அலமாரிதானாம். சூடும் உப்புக் காற்றும். “மின்விசிறி ஃபில்ட்டரைத் துடைச்சாப் பாதிப் பிரச்சினை போயிடும், யாரும் துடைக்க மாட்டாங்க” என்றார். எங்கள் பட்டிகளிலும் உலோகத் தூசி படியும். மாதம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்ய அன்றே ஏற்பாடு செய்தேன்.

இனி குறைகள். பட்டியல் கொஞ்சம் நீளம்.

ஒயர் செருகும் முனைகள். திருகு கிடையாது, குத்தினால் பிடித்துக்கொள்ளும் வகை. ஒற்றைக் கம்பி ஒயர் என்றால் அருமை. பழைய பட்டிகளில் இருந்தது இழை ஒயர். நுனியை முறுக்கி ஈயம் வைத்தோ ஃபெரூல் (நுனியில் மாட்டி நசுக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டோதான் செருக முடியும். கழற்ற வேண்டுமென்றால் ஊசி மாதிரி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே கையைத் தூக்கி இதைச் செய்து பாருங்கள், தெரியும். கீழே மேசையில் வைத்து ஒயர் மாட்டிவிட்டுப் பட்டியோடு மேலே ஏற்றுவதே உத்தமம்.

வரைபடம் பெட்டியின் முதுகில்தான் இருக்கிறது, தபால்தலை அளவுக்கு. எந்த முனையின் ஒயர் குட்டையாக இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். அந்த ஒயர்களில் ஓடுவது அதிவேகக் கரண்ட். அவற்றை நீளமாக விட்டு மெயின் ஒயரோடு கட்டி வைத்தால் வெளிச்சமும் குறையும், பக்கத்தில் ரேடியோ இருந்தால் அதுவும் இரையும். எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அழகாக டை போட்டுவிடுவார். கூடவே நின்று பார்க்க வேண்டும்.

எர்த் கட்டாயம். காப்பர் சோக் பட்டியில் எர்த் இல்லாமலே காலம் ஓட்டியவர்கள் நிறையப் பேர். இதில் இரைச்சலை வடிக்கும் கெபாசிட்டர் தகர உடம்புக்குக் கொஞ்சம் கரண்ட் கசியவிடும். எர்த் இல்லாவிட்டால் பட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எர்த் இருந்தால் இன்னொரு பிரச்சினை: நிறையப் பெட்டிகளை ஒரே 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கரில் மாட்டினால் எல்லாக் கசிவும் சேர்ந்து காரணமில்லாமல் டிரிப் ஆகும். எங்களுக்கு ஆனது. சுற்றை இரண்டாகப் பிரித்த பிறகு சரியானது. அதே போல, எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் போட்டால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே நேரத்தில் நிரம்பத் துடிக்கும். ஸ்விட்சின் முனை ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் போடுங்கள்.

மெக்கர் (அதிக வோல்ட் விட்டு இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து ஒயரிங் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டி, எர்த்துக்கு எதிரே மட்டும் 500 வோல்ட் விடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே விட்டால் அன்றோடு சரி. அதைவிட மோசம் நியூட்ரல் அறுவது. மூன்று பேஸ் இணைப்பில் பொது நியூட்ரல் போனால் சில பட்டிகளுக்கு 400 வோல்ட் பக்கம் ஏறிவிடும். காப்பர் சோக் கொஞ்ச நேரம் அலறிக்கொண்டாவது தாங்கும், இது தாங்காது. நியூட்ரல் லிங்க்கின் திருகுகளை இறுக்கிவிட்டுப் பிறகுதான் புதுப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கச் சொன்னேன்.

கடைசியாக, பழுது. காப்பர் சோக் போனால் போனது தெரியும், மாற்றுவது எளிது. இதைப் பிரித்துச் சரிசெய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல பெட்டிகளை ரிவெட் அடித்து மூடி வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கெபாசிட்டருக்காக முழுப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு படித்தவர்கள் கேட்கப் போகும் கேள்வி தெரியும்: எல்.ஈ.டி. இருக்கும்போது இந்தக் காலத்தில் டியூப்லைட்டுக்குப் பேலஸ்டா? நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 டியூப்கள் புதிதாகச் சந்தைக்கு வருவது 2023 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் 2023-ல் எடுத்த முடிவின்படி நீள டியூப்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027-க்குள் உலகெங்கும் முடிவுக்கு வரவேண்டும். புதுப் பட்டறை போடுகிறவர் டியூப் பட்டி வாங்கவே கூடாது. என்னிடம் பட்டிகள் நன்றாக இருந்தன, டியூப்கள் பெட்டி பெட்டியாகக் கையிருப்பில் இருந்தன, நடுவில் இருந்த சோக் மட்டும்தான் ஆபத்து. அதனால் இந்த வழி.

இன்னொன்று, எல்.ஈ.டி. என்றாலே மினுக்கம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். மட்டமான எல்.ஈ.டி. டியூப் அதே 100 ஹெர்ட்ஸில் காப்பர் சோக்கைவிட மோசமாக மினுக்கும், ஏனென்றால் ஒளியைப் பிடித்துவைக்க அதில் டியூப் அளவுக்குப் பூச்சின் தயவு இல்லை. வாங்கும் முன் கைபேசியின் கேமராவில் வேகமான ஷட்டர் வைத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டை ஓடினால் லேத்துக்கு மேலே அதை மாட்ட வேண்டாம். இருக்கும் பட்டியிலேயே எல்.ஈ.டி. டியூப் போடுகிறவர்கள் வகையையும் கவனிக்க வேண்டும். பேலஸ்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு போடும் டியூப் ஒன்று, பேலஸ்ட்டைக் கழற்றிவிட்டு நேராக மெயினில் மாட்டுவது ஒன்று. முதல் வகைக்கு எந்தெந்தப் பேலஸ்ட்டோடு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளரே பட்டியல் தருவார். அதில் உங்கள் பெட்டி இல்லாவிட்டால் போடாதீர்கள். இரண்டாம் வகைக்கு மாற்றிய பட்டியில் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவர் விஷயம் தெரியாமல் பழைய டியூப்பைச் செருகினால் நடுவில் அடக்க ஆள் இல்லை.

லேத், கிரைண்டர், டிரில் என்று சுழலும் எந்திரம் இருந்து, பட்டியும் டியூப்பும் ஏற்கெனவே இருந்தால், முன்சூடு உள்ள தகரப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். மாடிப்படிக்கும் வராந்தாவுக்கும் இவ்வளவு செலவு தேவையில்லை. அங்கே காப்பர் சோக் இருந்தால் அது சாகும்வரை விட்டுவிடுங்கள். கழற்றிய காப்பர் சோக்குகளை நான் எடைக்குப் போடவில்லை. குளியலறைப் பக்கப் பட்டிக்கும் வாசல் பட்டிக்கும் மாற்றுக்கு வைத்திருக்கிறேன். இரண்டைக் கடைசல் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டோம். வரைபடத் தாளின் இரண்டு மூலைக்கும் சரியான எடை.